திருப்பிச் சொல்றேன்

பங்குச்சந்தையின் கம்ப்யூட்டர் காலையிலேயே படுத்துவிட்டது. எங்கள் புரோக்கர் அலுவலகத்தில் எல்லாத் திரைகளிலும் விலைகள் அப்படியே நின்றன. வாங்கவும் முடியாமல் விற்கவும் முடியாமல் வாடிக்கையாளர்கள் போனில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நானோ உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை என் மகளுக்கு ஓட்டப்பந்தயம். அவள் ஓடி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சந்தை மூடும் நேரத்தில்தான் அந்தப் பாழாய்ப்போன பந்தயம் வைப்பார்கள். லீவு கேட்க எனக்கு வாய் வராது. "இந்தத் தடவையும் அப்பா மட்டும்தானேம்மா வருவாரு?" என்று காலையில் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை, சும்மா கேட்டாள்.

அரைமணியில் சரியாகிவிடும் என்று அறிவித்தார்கள். எடுத்த கைப்பையைக் கீழே வைத்தேன். இன்னும் அரைமணி ஆகும் என்றார்கள். மறுபடி எடுத்தேன். மேனேஜர் முறைத்தார். கடைசியில் இன்றைக்கு வியாபாரமே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் தலையில் கைவைத்தபோது நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன்.

மைதானத்தில் விளையாட்டு வாத்தியாருக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் மகளுக்கு வாயெல்லாம் பல்.

"சார், எங்கம்மா நல்லா கத்துவாங்க. வேலையே அதுதான்."

வாத்தியார் மைக்கை என் கையில் திணித்து, சொல்ல வேண்டியதைக் காதருகே கரகரத்தார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் போனில் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, அவர் "ஆமாம்" என்ற பிறகுதான் பட்டனைத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் நூறு பங்கு ஆயிரமாகித் தொலையும். இந்த வியாதி எனக்கு வீட்டிலும் உண்டு. என் கணவர் தக்காளி வாங்கி வரச் சொன்னாலும் திருப்பிச் சொல்லாமல் நகரமாட்டேன்.

"திருப்பிச் சொல்றேன் சார். ரெடி, ஸ்டெடி, கோ. சரியா?" என்றேன், மைக்கில்.

பிள்ளைகள் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். என் மகள் மட்டும் கோட்டிலேயே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குத் தெரியாதா என் லட்சணம்?

ஓடியவர்களைத் திரும்ப அழைத்து வருவதற்குள் வாத்தியாரின் மிச்சக் குரலும் போயிற்று. மறுபடி ஓட்டம். மற்றவர்கள் ஏற்கெனவே பாதிதூரம் ஓடிக் களைத்திருந்தும் இவள் மூன்றாவதாகத்தான் வந்தாள். வந்தால் என்ன? என் கண்ணால் பார்த்தேனே! முதல் பரிசு வாங்கியவளைப் பெற்றவள்கூட அப்படிக் குதித்திருக்கமாட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, அப்பாவை முன்னால் போகவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம்?"

"லீவு போட்டுட்டு வரேன். கம்ப்யூட்டர் ஓடினாலும் சரி, படுத்தாலும் சரி."

அவள் நடப்பதை நிறுத்தினாள்.

"திருப்பிச் சொல்லும்மா."

நடுத்தெருவில் நின்று, ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னேன். அவள் "ஆமாம்" என்ற பிறகுதான் நடந்தோம்.