செண்பகவல்லி மாமியின் குரோத்

உத்தர வீதியில் யார் ஆத்துக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதுகூடச் செண்பகவல்லி மாமியின் வாய் வழியாகத்தான் வெளியே வரும். ஓயாமல் சீவல் மெல்லும் அந்த வாய்தான் இப்போது திறக்க மாட்டேன் என்றது. ரசம் பட்டால் எரிச்சல். அடையைக் கிள்ளிக் கிள்ளி உள்ளே தள்ளவேண்டியிருந்தது.

எதிராத்து ஹம்ஸாவைத் துணைக்கு இழுத்துக்கொண்டு புத்தூர் பல் டாக்டரிடம் போனாள். "மூணு விரல நிமித்தி வாய்க்குள்ள வைங்க மாமி" என்றாள் டாக்டர் பவித்ரா. இரண்டுதான் போயிற்று. கன்னத்தில் துளி சதையெடுத்து டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, ஜூனியரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். மாமிக்குப் பிடிபட்டது ஒரே வார்த்தை: குரோத். தெருவில் அதற்குக் கேன்சர் கட்டி என்றுதான் அர்த்தம். தெருவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவளே மாமிதான்.

ஹம்ஸாவுக்கும் காது உண்டு. திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு போனைத் தடவியபடியே வந்தாள்.

மறுநாளே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு தெருக்காரர்கள் இரண்டு பேர் வந்து, "தைரியமா இருங்கோ" என்றார்கள். மாமி உட்கார்ந்தாள், எழுந்தாள், கண்ணாடி முன் விரலை நுழைத்துப் பார்த்தாள், சீவல் டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். ரிசல்ட் வரும்வரை இதே கூத்து.

வெள்ளிக்கிழமை டாக்டரே போன் செய்தாள்.

"கட்டியா? யாரு சொன்னா? நான் சொன்னது குரோத் ஃபேக்டர். புண்ண ஆத்த உடம்பே சுரக்கிறது. நீங்க பாக்கு போட்டுப் போட்டு உள்ள ஓயாம ரணம். அந்த ஃபேக்டரும் ஓயாம வேல செஞ்சு, தழும்பு மேல தழும்பாக் கன்னம் நாரா இறுகிடுச்சு."

"அப்போ கேன்சர் இல்லியே?"

"இன்னிக்கு இல்ல. சீவல விடலேன்னா நாளைக்கு வரலாம். விட்டுட்டு மருந்துக்கு வாங்க, மேல இறுகாம பாத்துக்கலாம்."

மாமி நேரே எதிராத்துக்குப் போனாள்.

"ஏண்டி, எனக்குக் கட்டின்னு தெரு பூராச் சொன்னியாமே?"

"ஐயோ, சொல்லலை மாமி. கவலைதான் பட்டேன்."

"நாலு ஆத்துக்குப் போன் பண்ணியா கவலப்படுவா? கட்டியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அதையும் போன் போட்டுச் சொல்லு."

ஹம்ஸா அசட்டுச் சிரிப்போடு தாம்பூலத் தட்டை நீட்டினாள். மாமியின் கை பாக்குக்குத்தான் முதலில் போயிற்று. பாதி வழியில் நின்றது. குங்குமம் இட்டுக்கொண்டு வெற்றிலையை மட்டும் எடுத்தாள்.

"பாக்கு நீயே வெச்சுக்கோ."

வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்ச் சுமங்கலி பாக்கை ஒதுக்குவதா? ஹம்ஸாவின் விரல்கள் அப்போதே போனைத் தடவின. பார்த்துக்கொண்டே மாமி படியிறங்கினாள். நாக்கு கன்னத்துக்குள் இல்லாத சீவலைத் தேடிக்கொண்டிருந்தது.