பந்து வெள்ளிக்கிழமை வரும்

பந்து மேலே போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. இன்னும் கீழே வரவில்லை. அதற்குள் அதன் கீழே மேம்பாலம் கட்டி முடித்துவிட்டார்கள்.

பேராச்சிக்கு அதில் பெரிய ஆச்சரியம் எதுவும் இல்லை. அந்த நகரத்தில் பாலம் சீக்கிரம் வரும், சாக்கடைதான் வராது. மைதானத்து ஓரமாக ஒரு சாக்கடை வேண்டும் என்று ஒன்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாலத்தை யாரும் கேட்கவில்லை. அது முப்பத்திரண்டாம் வார்டில் ஏறி முப்பத்திரண்டாம் வார்டிலேயே இறங்கியது.

நடந்தது இதுதான். வார்டுகளுக்கு இடையிலான பெண்கள் வாலிபால், இறுதி ஆட்டம், கடைசி செட். முப்பத்தொன்றாம் வார்டு பதினாலு. பேராச்சியின் முப்பத்திரண்டாம் வார்டு பதிமூன்று. எதிரணித் தலைவி ரஹ்மத் நிஷா ஓங்கி அடித்த பந்தை ஜெசிந்தா தரையில் விழுந்து எடுத்தாள். அது நேர் மேலே போனது. பேராச்சி அதன் கீழே ஓடிப்போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவள்தான் செட்டர். வருகிற பந்தை விரல் நுனியில் வாங்கி, அடிப்பவளுக்குத் தோதாகத் தூக்கிக் கொடுப்பது அவள் வேலை. மற்ற நேரங்களில் தபால் ஆபீசில் கடிதம் பிரித்தாள். நாற்பத்துநாலு வயதிலும் அந்த விரல்கள் தடுமாறியதில்லை.

அரை மணி நேரம் நின்றாள். பந்து வரவில்லை. தூண்கள் வந்தன.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார்கள். தள்ளி நின்றாள்.

அம்பயர் மாசானம் மட்டும் தள்ளி நிற்கவில்லை. ஆட்டம் முடியாமல் அம்பயர் ஏணியை விட்டு இறங்கக் கூடாது. அவரை நடுவில் விட்டே பாலத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். இடுப்புக்குக் கீழே அவர் மைதானத்தில் இருந்தார். இடுப்புக்கு மேலே பாலத்தில் இருந்தார். அந்தப் பக்கம் வேலை பார்த்த லாரிக்காரர்கள் அவர் விசிலுக்கு நின்றார்கள், அவர் கையைக் காட்டினால் போனார்கள். அவர் முகத்தில் லேசாகச் சிவப்பு வந்து போக ஆரம்பித்தது.

"பந்து வரும் வரைக்கும் எல்லாரும் வீட்டு வேலையப் பாக்கலாம்" என்று அவர் முதல் நாளே அனுமதி கொடுத்திருந்தார்.

பதினோராம் நாள் காலை பேராச்சி அவருடைய கால்களுக்குக் கீழே நின்று கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, பந்து தெரியுதா?"

"தெரியுது" என்று மேலிருந்து குரல் வந்தது. "வந்துக்கிட்டுதான் இருக்கு."

"எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமை. காலைல பத்தரை."

"எங்க விழும்?"

"பாலத்து மேல."

அப்படி விழுந்தால் பாயின்ட் முப்பத்தொன்றாம் வார்டுக்கு. பதினைந்துக்குப் பதிமூன்று, ஆட்டம் முடிந்தது. ஆட்டம் முடிந்தால் மைதானமும் முடிந்தது. வாசல் கம்பிக் கதவில் மாநகராட்சி அறிவிப்பு தொங்கியது: 'ஆட்டம் முடிந்த மறு நிமிடம் இவ்விடம் வாகன நிறுத்துமிடம் ஆகும்.' பேராச்சி அதைத் தினமும் ஒருமுறை படித்தாள். பதினாலு வயதில் அந்த மண்ணில்தான் அவள் முதல் பந்தைத் தொட்டாள். தெருவில் ஐந்து பெண்களை வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டுக் கூட்டிவந்து, ஆறு பேர் சேர்த்ததும் அங்கேதான்.

முதலில் கவுன்சிலரைப் போய்ப் பார்த்தாள்.

கவுன்சிலர் துரைக்கண்ணு பாலத்தின் தொடக்கத்தில் இருந்தார். பூமி பூஜை அன்று அவர் அடிக்கல் ஆகிவிட்டார். மூன்றடி உயரம், கறுப்புப் பளிங்கு, மேலே தங்க எழுத்தில் அவர் பெயர். சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, அந்தப் பாலத்துல ஒரு ஓட்டை மட்டும் போட்டுத் தாங்க. பந்து போற அளவுக்குப் போதும்."

"நான் என்னம்மா செய்யுறது? இப்ப நான் கல்லு. பேச மட்டுந்தான் முடியும்."

"முன்னாடியும் அப்பிடித்தான இருந்தீய?"

கல், "திங்கக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. அங்க வந்து சொல்லு" என்றது.

அதில்தான் சிக்கல். அந்த நகரத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு ஒரு கருத்துதான். பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லி ஜனவரி மாதமே பேராச்சி தன்னுடையதைத் தீர்த்திருந்தாள். பஸ் ஸ்டாண்ட் போய்விட்டது. கருத்தும் போய்விட்டது. ஜெசிந்தா தன்னுடையதைக் குடிதண்ணீருக்குச் செலவழித்திருந்தாள்.

வீட்டில் ஆவுடையப்பன் பனியனைத் துவைத்துக்கொண்டிருந்தார். பேராச்சியின் கணவர். மாவு மில்லில் வேலை. மில் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று பழகியவர். கல்யாணமான பத்தொன்பது வருடத்தில் அவர் எதைப் பற்றியும் கருத்துச் சொன்னதில்லை.

"ஏங்க, உங்க கருத்து ஒண்ணு வேணும்."

அவர் பனியனைப் பிழிந்தார். "எதப் பத்தி?"

"மைதானத்தப் பத்தி."

"சரி" என்றார்.

திங்கட்கிழமை மண்டபத்தில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலானவர்களிடம் கருத்து மிச்சமில்லை. காபி குடிக்க வந்திருந்தார்கள். மேடையில் ஒரு பெண் பொறியாளர் பேரேடு ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். ஆவுடையப்பன் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"பாலம் வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா அது எங்கயாவது போகணும். ஏறின எடத்துலயே எறங்குறதுக்கு எதுக்கு பாலம்? பொம்பளைங்க வெளையாட ஊருக்குள்ள இருக்கறது ஒரே மைதானம். அதுல வண்டிய நிறுத்திட்டு அவுக எங்க போயி நிக்கறது?"

பேராச்சி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் உட்காரவில்லை. பத்தொன்பது வருடக் கருத்துகளும் ஒன்றன் பின் ஒன்றாக வர ஆரம்பித்தன. தெருவிளக்கு, கொசு மருந்து, தேர்தலுக்கு முந்தின வாரம் மட்டும் போடுகிற தார், இறந்துபோனவர்கள் இன்னும் வரிசையில் வந்து ஓட்டுப் போடுவது. கடைசியாக, "என் பொண்டாட்டி கையில வந்த பந்த அவ ஒருநாளும் கீழ விட்டதில்ல. இது என் கருத்து இல்ல. நான் பாத்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் சட்டை முழுவதும் நனைந்திருந்தது.

பொறியாளர் பேரேட்டில் எழுதினார். "குறித்துக்கொள்ளப்பட்டது. ஓட்டை போட முடியாது. பாலத்தில் ஓட்டை தானாக விழ வேண்டும். அதற்கு இரண்டு வருடம் ஆகும்."

"அப்ப நாங்க பாலத்து மேல ஏறி ஆடிக்கிடுதோம்" என்றாள் பேராச்சி.

"அது கருத்தா?"

"இல்ல. தகவல்."

பொறியாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பாலத்தில் வாகனங்களுக்கு மட்டும்தான் அனுமதி."

"அப்ப வாகனமா பதிஞ்சுக்கிடுதோம்."

அதற்குத் தடை சொல்லும் விதி புத்தகத்தில் இல்லை. பொறியாளர் இரண்டு முறை தேடிப் பார்த்தார்.

புதன்கிழமை பேராச்சி விண்ணப்பத்தோடு வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னல் வராந்தாவின் கடைசியில் இருந்தது. அவள் நடந்தாள். வராந்தாவும் நடந்தது. ஒன்பது மணிக்கு இருபதடியில் தெரிந்த ஜன்னல் பதினொரு மணிக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்தது. வழியில் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள், "நாளைக்கு வாங்கம்மா, நாங்களும் நாளைக்குத்தான் வந்தோம்" என்றார்கள். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். முப்பது வருடம் ஓடிய கால். சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது வராந்தாவுக்கு மூச்சு வாங்கியது. பன்னிரண்டு ஐம்பதுக்கு அது நின்றுவிட்டது. அவள் ஜன்னலில் விண்ணப்பத்தை வைத்தாள்.

மறுநாள் ஆய்வாளர் ஒருவர் மைதானத்துக்கு வந்தார். ஆறு பெண்களும் வரிசையில் நின்றார்கள். பனியனில் இருந்த எண்ணைப் பதிவு எண்ணாக ஏற்றுக்கொண்டார்.

"எட்டுப் போடுங்க" என்றார்.

ஆறு பேரும் எட்டுப் போட்டார்கள். கால் தரையில் படக் கூடாது என்று முதலில் சொன்னவர், பிறகு அதைத் தளர்த்தினார்.

"ரிவர்ஸ்?"

பேராச்சி பந்தைப் பார்ப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டே பின்னால் பத்தடி போனாள். யார்மேலும் இடிக்கவில்லை.

"ஹாரன்?"

"என் பந்து" என்று ஜெசிந்தா கத்தினாள். காம்பவுண்டுச் சுவரில் இருந்த காக்கைகள் எழுந்து போயின.

"நல்லா இருக்கு. புகைப் பரிசோதனை." அவர் ஒரு கண்ணாடித் துண்டை நீட்டினார். பேராச்சி அதில் ஊதினாள். "காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி."

எழுதிக்கொண்டார். "முப்பத்தொன்றாம் வார்டு நேத்தே பதிவு பண்ணிட்டாங்க. அவங்க தலைவி உங்களவிட நல்லா ஹாரன் அடிச்சாங்க."

பேராச்சி யோசித்துப் பார்த்தாள். ரஹ்மத் நிஷா பாலத்தில் ஏறாமல் இருந்தால் மேலே ஆட்டமே இல்லை; பந்து விழும், முப்பத்தொன்றாம் வார்டுக்கு வெற்றி. ஆனால் முப்பத்தொன்றாம் வார்டுக்கு மைதானம் கிடையாது. மாலையில் ஐந்து மணிக்கு மேல் அவர்களும் இங்கேதான் ஆடிப் பழகினார்கள்.

வெள்ளிக்கிழமை பாலத்துக்குத் திறப்பு விழா. பந்தல், நாற்காலிகள், நாதஸ்வரம். தலைமை விருந்தினர் பட்டு வேட்டியில், வெள்ளித் தட்டில் கத்தரிக்கோலோடு நின்றார். பாலத்தின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அது சரியாக மாசானத்துக்கு நேரே, கீழே வலை கட்டியிருந்த இடத்துக்கு மேலே ஓடியது.

பத்து மணிக்கு இரண்டு அணிகளும் இடதுபக்கமாக, வேகம் மீறாமல், பாலத்தில் ஏறின. பேராச்சி சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாள். மாசானம் ரிப்பனைப் பார்த்தார்.

"ஏழடி நாலங்குலம் வேணும். ஏத்திக் கட்டுங்க."

ஏற்றிக் கட்டினார்கள். தலைமை விருந்தினர் கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மாசானம் விசில் அடித்தார். அவர் முகம் முழுச் சிவப்பானது.

"வலையத் தொட்டா ஃபவுல்."

விருந்தினர் நின்றார். சிவப்புக்கு நிற்க வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்.

பத்து இருபத்தொன்பதுக்குப் பந்து தெரிந்தது. முதலில் கடுகளவு. பிறகு எலுமிச்சம்பழம். பேராச்சி அதன் கீழே போய் நின்று கையைத் தூக்கினாள். கூட்டத்தில் ஆவுடையப்பன் நாற்காலிமேல் ஏறி நின்றதைப் பார்த்தாள். பிறகு எதையும் பார்க்கவில்லை. பதினைந்து நாளைக்கு மேல் விழுந்துகொண்டிருந்த பந்து. அதன் கனம் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. விரல் ஒடிந்தால் ஒடியட்டும் என்று நினைத்தாள்.

பந்து விரலில் வந்து உட்கார்ந்தது. சில்லென்று இருந்தது. அவள் அதை வலதுபக்கம், ரிப்பனுக்கு இரண்டு முழம் மேலே வைத்தாள். ஜெசிந்தா எழும்பி அடித்தாள். அது எதிர்ப்பக்க மூலையில், கோட்டுக்கு உள்ளே விழுந்தது.

பதினாலு, பதினாலு.

"அடுத்த பாயின்ட் எடுக்கறவங்க ஜெயிச்சதா?" என்று தலைமை விருந்தினர் கேட்டார்.

"இல்ல. ரெண்டு பாயின்ட் வித்தியாசம் வரணும்" என்றார் மாசானம். "அதுவரைக்கும் ஆட்டம் நடக்கும்."

"எதுவரைக்கும்?"

"வர்ற வரைக்கும்."

விருந்தினர் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.

பதினைந்து, பதினாலு. பதினைந்து, பதினைந்து. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜெசிந்தா இரண்டு முறை கான்கிரீட்டில் விழுந்து முழங்கை கிழிந்தது. ரஹ்மத் நிஷா அடித்த ஒன்று பேராச்சியின் தோளில் பட்டுத் தெறித்தது. நாற்பது, நாற்பது. நாதஸ்வரக்காரர் சாப்பிடப் போனார். அறுபத்திரண்டு, அறுபத்தொன்று. அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு. தலைமை விருந்தினர் சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கோட்டில் விழுந்த பந்து உள்ளேதான் என்று பக்கத்தில் இருந்தவரோடு வாதாடினார்.

மூன்று மணிக்கு மாசானம் தண்ணீர் குடிக்க விட்டார். எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு. பேராச்சியும் ரஹ்மத் நிஷாவும் ரிப்பனின் இரண்டு பக்கமும் நின்று ஒரே குடத்தில் மொண்டு குடித்தார்கள். கீழே மைதானத்தில் இன்னும் ஒரு வண்டிகூட நிற்கவில்லை.

"கை வலிக்கா?" என்றாள் ரஹ்மத் நிஷா.

"இல்ல. ஒனக்கு?"

"எனக்கும் இல்ல."

ரஹ்மத் நிஷா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். மாசானத்தின் முகம் பச்சையானது. பேராச்சி பந்தை எடுத்துக்கொண்டு, சர்வீஸ் போடக் கோட்டுக்குப் பின்னால் நடந்தாள்.