முன்னால் டியூப்லெஸ், பின்னால் டியூப்

1

இந்தக் கதை எனக்குத் தோளில் கிடைத்தது. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் சைக்கிள் போட்டி நடக்கும். பாதியில் நின்றுபோகிறவர்களை அள்ளிக்கொண்டு வர, எல்லோருக்கும் பின்னால் ஒரு வேன் போகும். அந்த வேனில் சைக்கிளைத் தூக்கிப் போடுகிற ஆள் நான். மற்ற நாளெல்லாம் கிடங்கில் மூட்டை. மூட்டை பேசாது. வேனில் சைக்கிளோடு ஆளும் ஏறுவதால் கொஞ்சம் பேச்சு இருக்கும்.

மூன்று வருஷம் ஒரே சைக்கிளை, ஒரே வளைவில், ஒரே ஆளோடு ஏற்றினேன். மூன்றாவது தடவை நான் கேட்காமலே அவர் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். நான் பின்சக்கரம். சேர்ந்து பீரோ தூக்கிப் பழகியவர்கள் மாதிரி ஒரே மூச்சில் ஏற்றிவிட்டோம். அப்போது தோன்றியது: இவரை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் தூக்கிக்கொண்டே இருப்பேன்.

2

ஆரம்பத்தை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

மலையுச்சியில் காலைச் சூரியன் தன் பொற்கரங்களை நீட்டி —

(போதும். சூரியனுக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.)

மனித வாழ்க்கையே ஒரு சக்கரம் என்று பார்த்தால், அதில் காற்று என்பது —

(இதைக் கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் மணி அடிக்கும் முன்னே எழுந்து மூட்டை தூக்கப் போய்விட்டார்கள்.)

கட்டடங்களில் கம்பி கட்டுகிற ஒருவருக்கு வேன்காரர் என்று பட்டப்பெயர். அவருக்கு வேன் கிடையாது.

இது இருக்கட்டும். இதில் ஏறிக்கொள்வோம்.

3

கம்பிக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. நாள் முழுக்கக் குனிந்து, கம்பி மேல் கம்பி வைத்து, கட்டுக்கம்பியால் முறுக்கி முறுக்கிக் கட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமையும் சைக்கிளில் குனிந்துதான் ஓட்டுகிறார். "இது என் இஷ்டத்துக்குக் குனியுறது" என்பார்.

அவருக்கு முதல் பரிசெல்லாம் வேண்டாம். கடைசி ஆளாக வந்தாலும் சரி, முடிவுக்கோட்டைத் தன் சக்கரத்தில் தாண்ட வேண்டும். அவ்வளவுதான். மூன்று வருஷமும் முள் வளைவில் பஞ்சர் ஆகி, மாற்று டியூப் போட்டு, நாலு மிதி மிதிப்பதற்குள் அதுவும் படுத்து, வேனில் ஏறித்தான் கீழே வந்திருக்கிறார். வேலை இடத்தில் சின்னப் பையன் வரைக்கும் வேன்காரரே என்றுதான் கூப்பிடுகிறான். இந்த வருஷமும் வேனில் வந்தால் சைக்கிளைச் சுவரில் மாட்டிவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டார். வாய் தவறி வந்த பேச்சுதான். ஆனால் அவர் மனைவி எதையும் மறக்கிறவர் இல்லை.

அதனால் டியூப்லெஸ் டயர் போடுவது என்று முடிவு செய்து, மச்சானுடைய பஞ்சர் கடைக்குப் போனார்.

"உள்ள டியூப்பே கிடையாது மச்சான். பால் மாதிரி ஒண்ணு ஊத்துறாங்க. முள்ளு குத்தினா அதுவே போய் அடைச்சுக்குதாம். காத்தைக் குறைச்சு வச்சாலும் கல்லுல நல்லாப் பிடிக்குமாம்."

"என் தொழிலுக்கே பால் ஊத்த வந்திருக்கீங்களா மாமா?"

"பேச்சை மாத்தாத."

"டியூப்ல ஓட்டை விழுந்தா ஒட்டலாம், மாத்தலாம், வேலை உங்க கையில. அது டயர் ஓரம் கல்லுல கிழிஞ்சா பாலும் போச்சு காத்தும் போச்சு. மலை மேல நின்னு என்ன பண்ணுவீங்க, வாயால ஊதுவீங்களா?"

"உன் டியூப் மட்டும் மூணு வருஷமா என்னத்தக் கிழிச்சுது?"

"டியூப்பச் சொல்லாதீங்க. ஒவ்வொண்ணையும் தண்ணியில முக்கிப் பார்த்துத்தான் குடுத்தேன்."*

* இந்த இடத்தில் ஒரு உண்மை. பஞ்சர் கடைக்காரருக்கும் கம்பிக்காரருக்கும் எந்த உறவும் கிடையாது. நான்தான் மச்சான் ஆக்கினேன். வெளி ஆள் என்றால் இரண்டாவது பேச்சிலேயே வேறு கடைக்குப் போய்விடுவார். மச்சான் என்பதால் சண்டையும் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து டீயும் குடித்தார்.

4

இதுவரைக்கும் எழுதியதைக் கம்பிக்காரரிடமே கொடுத்தேன். செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார்.

"எல்லாம் சரி தம்பி. எம் பொண்டாட்டியை ஏன் ஓரமாவே நிறுத்தி வச்சிருக்க?"

"பயம்தான் அண்ணே."

"உள்ள விடு. இல்லேன்னா என்னையத்தான் கேப்பா."

மறுநாள் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் அவர் மனைவியின் கொட்டை எழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: எனக்குத் தம்பி கொடுத்ததற்கு நன்றி, அவனுக்கு வாய் ஜாஸ்தி.

சரி, அந்த அம்மாவை உள்ளே விடுகிறேன். இதற்கு மேல் கதை என் பேச்சைக் கேட்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

5

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம். கூடத்தில் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. இரண்டு சக்கரமும் கழற்றியாகிவிட்டது. ஒரு பக்கம் புது டியூப்லெஸ் டயர்கள், ரிம்மில் ஒட்டுகிற நாடா, பால் புட்டி. இன்னொரு பக்கம் பழைய டயர்கள். நடுவில் கம்பிக்காரர். அவர் மனைவி பை தைக்கிற கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவர். சீட்டுக்கு அடியில் தொங்குகிற பை ஒரு மூலையில் பிரிந்திருந்தது. தைத்துக் கொடுக்கலாம் என்று அதை மேஜையில் கவிழ்த்தார்.

டயர் கழற்றுகிற கொக்கி விழுந்தது. மாற்று டியூப் விழுந்தது. அதன் பின்னால் சரசரவென்று ஒரு கைப்பிடி கட்டுக்கம்பித் துண்டுகள், ஊசி ஊசியாக.

அந்த அம்மா துண்டுகளை ஓரமாகத் தள்ளினார். டியூப்பில் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கினார். மூன்று இடத்தில் குமிழி.

"ஏங்க, இங்க வாங்க."

கம்பிக்காரர் வந்தார். குமிழியைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். மறுபடியும் குமிழியைப் பார்த்தார்.

"வேலைக்கும் இதே பையைத்தான் கொண்டு போறீங்களா?"

"மிச்சக் கம்பியை எங்க போடுறது? வேற பை இல்லையே."

"பை தைக்கிறவ வீட்டுல பை இல்லையா?"

காற்று நிரப்பிக் கொடுக்க அப்போதுதான் மச்சான் கம்ப்ரசரோடு வந்து சேர்ந்தார். வாசலில் நின்றபடியே எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. டியூப்பை வாளியிலிருந்து எடுத்து, அடிபட்ட பிள்ளையைப் போலத் துடைத்தார்.

"மூணு வருஷம் இதைத் திட்டினீங்களே மாமா."

கம்பிக்காரருக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தார். முள்ளைத் திட்டியிருக்கிறார், மலையைத் திட்டியிருக்கிறார், டியூப் செய்கிறவன் பரம்பரையைத் திட்டியிருக்கிறார். குத்தியது தன் கம்பி.

"அப்போ டியூப்பே போட்டுடலாம்ல?" என்றார் மச்சான்.

"இருடா," என்றார் அக்கா. "ரெண்டாவது ஓட்டைதான் இவரு போட்டது. முதல் ஓட்டை முள்ளுதானே போட்டுச்சு?"

மச்சான் டியூப்பை மறுபடியும் துடைத்தார். (நானும் மூன்று நாள் இந்த வரியிலேயே நின்றேன்.) கடைசியில் அந்த அம்மாவே எழுந்து முன்சக்கரத்தைப் புது டயர் பக்கமும் பின்சக்கரத்தைப் பழைய டயர் பக்கமும் தள்ளினார்.

"முன்னாடி அது. பின்னாடி இது."

"பார்த்தா சிரிப்பாங்க அக்கா."

"இப்ப மட்டும் சிரிக்காமலா வேன்காரன்னு கூப்பிடுறாங்க?"

கைப்பம்பில் எவ்வளவு அடித்தும் டியூப்லெஸ் டயர் ரிம்மில் ஏறி உட்காரவில்லை. கம்ப்ரசர் வேண்டியிருந்தது. மச்சான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குழாயை வைத்தார். டப். டப். இரண்டு ஓரமும் ஏறி உட்கார்ந்த சத்தத்தில் மூன்று பேரும் துள்ளிவிட்டார்கள். அப்புறம் சிரிப்பு. கம்பிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மச்சான், தான் எதிர்க்கட்சி என்பதையே மறந்து, "இன்னொரு தடவை இறக்கி ஏத்துவோமா மாமா?" என்று கேட்டார்.

சாயங்காலத்துக்குள் சீட்டுப் பையில் நடுவே ஒரு தடுப்பு வந்துவிட்டது. கம்பிக்கென்று தனியாக ஒரு பை, தடித்த துணியில். புது மாற்று டியூப்பை மச்சான் தானே மடித்து வைத்தார்.

6

இதில் ஒரு கனவு இருந்தது. இறக்கி வைத்துவிட்டேன். கனம்.

7

முடிவுகள்.

(அ) முதலாவதாக வந்தார். கிடங்கில் யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

(ஆ) வழியில் நின்ற வேறொருவருக்குத் தன் மாற்று டியூப்பைக் கொடுத்துவிட்டு, தான் புன்னகையோடு வேனில் ஏறினார். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் சைக்கிளை மறுபடி யார் தூக்குவது?

(இ) நடந்தது. எனக்குத் தெரிந்த வரைக்கும்.

8

ஞாயிறு காலை. முள் வளைவில் வேன் இந்தத் தடவை முன்கூட்டியே வந்து நிற்கிறது. டிரைவர் போனில். கம்பிக்காரர் கடைசி ஆளாக வந்தார். வளைவுக்கு நேரே வந்ததும் அந்தச் சத்தம். உஸ்ஸ்ஸ்.

பழக்க தோஷத்தில் நான் கதவைத் திறந்து கீழே இறங்கிவிட்டேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்தின் மேல் குனிந்திருந்தார்.

"எது அண்ணே? முன்னாடியா, பின்னாடியா?"

"அதைச் சொன்னா வீட்டுல ரெண்டு பேர்ல ஒருத்தர் என்னைத் தூங்க விட மாட்டாங்க. நீ ஏறிக் கதவைச் சாத்து தம்பி."

ஏறினேன். சாத்தினேன். அந்த வேனுக்குப் பின்பக்கம் ஜன்னல் கிடையாது. முன்னாலே என்றால் சக்கரத்தைச் சுற்றிவிட்டதும் பால் ஓடிப்போய் அடைத்திருக்கும், ஒரு நிமிஷ வேலை. பின்னாலே என்றால் கழற்றி மாட்ட ஒரு பத்து நிமிஷம். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள். ஒரு வாரம் மூட்டை தூக்கியவனை இருட்டில் உட்கார வைத்தால் என்ன செய்வான்? தூங்கிவிட்டேன். எழுதுகிறவன் முக்கியமான இடத்தில் தூங்கலாமா என்றால், நீங்கள் அந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்ததில்லை.

விழித்தபோது வேன் இறங்கிக்கொண்டிருந்தது. வேனுக்குள் ஒரு சைக்கிளும் இல்லை.

முடிவுக்கோட்டைக் கடைசியாகத் தாண்டினார், தன் சக்கரத்தில். கைதட்டல் நின்று பந்தலைக்கூடப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி ஓடிவந்து முன்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார். மச்சான் ஓடிவந்து பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார். இரண்டும் கல்லு மாதிரி இருந்தன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நான் சொன்னேன்ல" என்றார்கள்.

பையைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். புது டியூப் உள்ளே மடித்தபடி இருந்தால் அக்கா கட்சி. இல்லையென்றால் தம்பி கட்சி. கம்பிக்காரர் அதற்குள் பையைக் கழற்றி, புல்லில் போட்டு, அதன் மேல் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் குடித்தார். மலையைப் பார்த்தார். இரண்டு பேரும் கேட்கக் கேட்கச் சிரித்தார்.

அவரை நகர்த்திப் பையைத் திறக்க வேண்டுமென்றால் நீங்கள் திறந்துகொள்ளுங்கள். இன்றைக்கு நான் எதையும் தூக்குவதாக இல்லை.