அடுப்புக்கு இந்தப் பக்கம்

நான் குழாய் வேலை செய்பவன். என் கை பட்ட இடம் ஒழுகுகிறது என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் கிடையாது. அதனால்தான், என் மனைவிக்குச் சமையல் வாசனை ஆகாமல் போனபோது, அதையும் குழாய்ச் சங்கதியாகவே பார்த்தேன். வேண்டாதது எங்கிருந்து வருகிறது, அதை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது, அவ்வளவுதானே.

அவள் அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். முன்பெல்லாம் வெங்காயம் வதங்கினால் சட்டியைச் சுற்றிச் சுற்றி வருபவள், இப்போது எண்ணெய் காய்ந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பருப்பு வெந்தால் குமட்டல். சோறு கொதித்தால் குமட்டல். அடுக்களை வாசனை ஏறிய வீட்டில் வெறும் ரொட்டிகூட அவளுக்கு இறங்கவில்லை. போன வேகத்தில் திரும்பி வந்தது. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. எடை பார்த்த டாக்டரம்மா, இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் மாமியார் வந்து இறங்கினார். தையல் கடை வைத்திருப்பவர். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்காமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. பேச்சும் அளந்துதான் வரும். மகளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே நான் பாதியாகிவிட்டேன்.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இவ வயித்துல ஏதாவது தங்கலைன்னா, நான் கூட்டிட்டுப் போயிடறேன். எங்க வீட்டு மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு. கீழ சமைச்சா மேல தெரியாது. கொழந்தை பொறந்தப்புறம் வந்தாப் போதும்."

அவர் ஊருக்கு ரயிலில் ஒரு முழு நாள் ஆகும். நான் வேலையைப் போட்டுவிட்டு நினைத்தபோது ஓட முடியாது. சொன்னால் சிரிப்பீர்கள், அவள் எதிரில் இல்லாவிட்டால் எனக்கு ஒரு வேளைச் சோறு உள்ளே இறங்காது. என் பிள்ளை வயிற்றில் புரள்வதை யாரோ போனில் சொல்லி நான் கேட்க வேண்டுமா? இதையெல்லாம் மாமியாரிடம் சொல்ல முடியுமா?

"அத்தை, சமையலையே வீட்டை விட்டு வெளிய தள்ளிட்டா?" என்றேன்.

"வெளியன்னா எங்க, தெருவுலயா?"

"கொல்லையில. நானே அடுப்பு கட்டறேன். நானே சமைக்கறேன்."

"நீங்க?" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே என் சமையலைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்.

எங்கள் கொல்லை பெரிது ஒன்றும் இல்லை. துணி துவைக்கிற கல், காயப்போடுகிற கொடி, ஒரு எலுமிச்சைச் செடி, அதற்குப் பின்னால் மதில். வீட்டை விட்டு எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, மதிலோரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு குளியலறை வேலையில் மிஞ்சிய செங்கல் இருந்தது. மண்ணில் மணலும் நறுக்கிய வைக்கோலும் கலந்து காலால் மிதித்துக் குழைத்து, மூன்று பக்கமும் சுவர் எழுப்பினேன். ரசமட்டம் வைத்து ஒவ்வொரு வரிசையும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தேன். பழைய தொட்டியின் கம்பி மூடியை மேலே பதித்தேன். சின்னதாகத் தீ போட்டு ஈரத்தைக் காயவிட்டேன். விரிசல் கிடையாது, ஆட்டம் கிடையாது. நானே இரண்டு அடி பின்வாங்கி நின்று ரசித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் முதல் சமையல். மதிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் உட்கார்ந்து, பருப்பில் தக்காளி அரிந்து போட்டு வேகவைத்தேன். வேண்டுமென்றே வெங்காயத்தையும் பூண்டையும் நன்றாக வதக்கினேன். சோதனை என்றால் முழுதாகச் செய்ய வேண்டும் அல்லவா? மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சட்டிக்கு ஒரு கை தூரத்தில் இருக்கிற எனக்கே வாசனை வரவில்லை என்றால், அத்தனை தூரத்தில் படுத்திருக்கிறவளுக்கு எங்கே வரப்போகிறது? சட்டியைத் தூக்கிக்கொண்டு, போட்டியில் ஜெயித்தவன் மாதிரி உள்ளே போனேன்.

வீடு முழுக்க வெங்காயம். வாஷ்பேசினில் அவள் குனிந்திருந்தாள். மாமியார் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"அடுக்களையில சமைச்சிருந்தாக்கூட இவ்ளோ வந்திருக்காது, மாப்பிள்ளை."

சட்டியோடு வெளியே போனேன்.

ஞாயிறு காலையில் கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். இவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஆனாலும் கை சும்மா இருக்குமா? புகையை உயரத்தில் கொண்டுபோய் விட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. புகைபோக்கி! வீட்டில் எந்நேரமும் கிடப்பது நாலு அங்குலப் பிளாஸ்டிக் குழாய்தான். ஒரு முழுக் குழாயை அடுப்பின் பின்பக்கத்தில் நட்டு, மண் வைத்துப் பூசி, செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டும் பார்த்தேன். தலைகால் புரியாத அவசரத்திலும் என் வேலை சுத்தமாகத்தான் இருந்தது.

காலையில் எதுவும் சாப்பிடாததால் எனக்கே பசி. நாலு உருளைக்கிழங்கைத் தணலுக்குள் தள்ளிவிட்டு, தீயை ஏற்றினேன். கொஞ்ச நேரம் புகை அழகாக மேலே போனது. அப்புறம் குழாய் மெதுவாகக் கும்பிடு போட ஆரம்பித்தது. யானை தும்பிக்கையை இறக்குவது போல வளைந்து வளைந்து, வாயைச் சரியாக எங்கள் ஜன்னலைப் பார்த்துத் திருப்பிக்கொண்டது. அடிப்பக்கம் கருகி, நாறித் தொலைத்தது.

பின்வாசலில் இருந்து மாமியார் குரல்: "தண்ணி போற குழாயில நெருப்பை விட்டா அது வேற என்னதான் பண்ணும்?"

குறட்டால் குழாயைப் பிடுங்கித் துவைக்கிற கல்லுக்கு அப்பால் வீசி, அதன் மேல் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். நிமிர்ந்து பார்த்தால், என் மனைவி முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டு வீட்டை விட்டு வெளியே ஓடி வந்துகொண்டிருந்தாள். உள்ளே இருக்க முடியவில்லை. கொடியைத் தாண்டி, எலுமிச்சையைத் தாண்டி, நேராக என்னிடம் வந்து மதிலில் சாய்ந்தாள். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

அவள் முந்தானையை எடுத்தாள். ஒரு முறை மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

"ஏங்க, இங்க ஒண்ணுமே நாறலையே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காற்று மதிலுக்கு மேலாக வந்து, எங்கள் முதுகில் பட்டு, அடுப்பைக் கடந்து நேராக வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. நேற்று எனக்கு வாசனை வராததற்குக் காரணம் என் அடுப்பின் திறமை இல்லை, நான் உட்கார்ந்த பக்கம். வாசனையைத் திருப்பிவிடுவதற்கு இத்தனை பாடுபட்டேனே, இவளைக் கையைப் பிடித்து அடுப்புக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்திருந்தால் போதுமே!

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவளை உட்காரவைத்தேன். தணலைக் கிளறினேன்.

"அது என்ன?"

"உருளைக்கிழங்கு. எனக்குப் போட்டது."

"ஒண்ணு உடைங்க."

தோலை உரித்து, ஊதி, உப்புத் தூவிக் கொடுத்தேன். பின்வாசலில் மாமியார் மடித்த துணியைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். இவள் ஒரு விள்ளல் எடுத்து மென்றாள். விழுங்கினாள். காத்திருந்தோம். இன்னொரு விள்ளல். முழுக் கிழங்கும் போனது.

"உப்பு பத்தல," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் எத்தனையோ குறை கேட்டிருக்கிறேன். இது மாதிரி எதுவும் என் வயிற்றில் பால் வார்த்ததில்லை. இரண்டாவதையும் சாப்பிட்டுவிட்டு, நான் என் பங்கு என்று ஒதுக்கியதையும் பார்த்தாள். கொடுத்துவிட்டேன். எதுவும் திரும்பி வரவில்லை. வெயில் சாயும்வரை அங்கேயே உட்கார்ந்து, கருகிய குழாயைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.

நாள் முழுக்க வாளி மேலேயே உட்கார முடியுமா? இரும்புக் குழாயும் இரண்டு பலகையும் எடுத்து வந்து, மதிலை ஒட்டி ஒரு பெஞ்சு போட உட்கார்ந்தேன். ரம்பத்தை வைக்கப் போனபோது மாமியார் பக்கத்தில் வந்து நின்றார். எனக்குப் பெட்டியின் ஞாபகம் வந்து, ரம்பம் அப்படியே நின்றது.

"எவ்ளோ நீளம் வெட்டப் போறீங்க?"

"ரெண்டு பேர் உக்கார்ற மாதிரி, அத்தை."

கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, குனிந்து, பலகையின் மேல் விரித்தார். நான் போட்ட கோட்டைத் தாண்டிப் போய், சாக்கட்டியால் வேறொரு கோடு கிழித்தார்.

"அப்ப நான் எங்க உக்கார்றதாம்?"

அவர் கோட்டிலேயே வெட்டினேன்.