தேனீக்களுக்குச் சொல்லாத சாவு

அம்ப்ரோஸ் பில் 1916 ஜூலையில் பிரான்சில் சண்டையில் செத்துப்போனார். 1919 மார்ச்சில், வியாழக்கிழமை பால் வண்டியில் ஏறி ஊர் திரும்பினார். எங்கள் லிட்டில் ஆர்ன்பரி கிராமத்தில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. தேனீக்களுக்குத் தகவல் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் வீட்டில் யார் செத்தாலும் பாதிரியாருக்கு முன்பே தேன்கூடுகளுக்குச் சொல்லியாக வேண்டும். வாசல் சாவியால் கூட்டை மூன்று தட்டு தட்டி, இன்னார் போய்விட்டார் என்று சொல்லி, கறுப்பு ரிப்பன் கட்டுவோம். தந்தி வந்த அன்று அவர் மனைவி டோர்காஸும் சாவியோடு தோட்டத்துக்குப் போனாள். மூன்று தட்டும் தட்டினாள். அதற்குமேல் வாய் வரவில்லை. "அவரு வரக் கொஞ்சம் லேட்டாகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே போய் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள்.

தபால் ஆபீஸ் மிஸஸ் டால்ட்ரிக்கு இது பொறுக்கவில்லை. ரிப்பனை எடுத்துக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார்.

"முறையாச் சொல்லலன்னா தேனீ மொத்தமும் போயிடும்டி. அதுங்ககிட்டப் போய் பொய் சொல்லுவியா?"

"பொய்யா? கல்யாணத்துக்கே அரை மணி நேரம் லேட்டா வந்த மனுஷன் அவரு. நீங்க வாயத் திறந்தீங்க, அந்த ரிப்பனாலயே கட்டிப்புடுவேன்."

மிஸஸ் டால்ட்ரி வாயை மூடியது ஊர்ச் சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. அன்று முதல் ஊரே அந்த வேலியைக் கடக்கும்போது மழையையும் பன்றி விலையையும் மட்டும் பேசியது. பாதிரியார்கூட இறந்தவர்கள் பட்டியலை ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வாசித்தார். மறு வருஷம் மிஸஸ் டால்ட்ரியின் மகன் செத்ததாகத் தந்தி வந்தது. அவர் அன்றைக்கே தம் தேனீக்களுக்கு முறைப்படி சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த அம்ப்ரோஸின் நெஞ்சில் ஒரு ஓட்டை இருந்தது. மேல்காற்று அடித்தால் லேசாக விசிலடிக்கும். டோர்காஸ் கெட்டியான கம்பளிச் சட்டை பின்னிப் போட்டாள், சரியாகிவிட்டது. நாற்பத்தோரு வருஷம் உழுதார், ஆப்பிள் மது குடித்தார், தினமும் காலையில் தேன்கூடுகளுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றார். வேறு யாரும் தங்கள் வீட்டுச் சாவைத் தேனீக்களிடம் மறைத்துப் பார்க்கவில்லை. ஊருக்கு ஒருவர் திரும்பக் கிடைத்ததே பெரிது என்று இருந்தோம்.

1960 ஏப்ரலில் டோர்காஸ் தூக்கத்திலேயே போனாள். அம்ப்ரோஸ் சாவியை எடுத்ததும் மிஸஸ் டால்ட்ரி தடியை ஊன்றிக்கொண்டு ஓடிவந்தார்.

"சொல்லாதப்பா! அவளும் திரும்பி வந்திடுவா. நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டு, நாப்பத்துமூணு வருஷமா இந்த வாயத்தான் நொந்துக்கிறேன்."

"அவ களைச்சிட்டாம்மா. எத்தன வருஷம் என் நெஞ்சுல காத்து புகாமப் பாத்துக்கிட்டா! போதும், தூங்கட்டும்."

மூன்று தட்டு தட்டினார். "டோர்காஸ் போயிட்டா. லேட்டா வந்தவனும் கிளம்பறேன். இத்தன நாளு இருக்க விட்டதுக்கு ரொம்ப நன்றி." இரண்டு ரிப்பன்கள் கட்டினார். கம்பளிச் சட்டை கூடுகளுக்குப் பக்கத்தில் புல்லின்மேல் கிடந்தது. உள்ளே யாருமில்லை, வெதுவெதுப்பு மட்டும் இருந்தது.

அம்ப்ரோஸின் கல்லறைக்கல்லில் எந்த வருஷம் வெட்டுவது என்று கல்தச்சர் கேட்டார். தேனீக்களுக்குச் சொன்ன தேதியையே போடச் சொன்னார் மிஸஸ் டால்ட்ரி.