மறுமுனையில் ஒருவர்

1

இந்தக் கதை ஒழுகும் குழாயிலிருந்து வந்தது. மேல்மாடித் தண்ணீர் என் கட்டிலில் சொட்டுகிறதென்று சண்டை போடத்தான் படியேறினேன். நான் வாயெடுக்கும் முன்பே அந்த வீட்டு அக்கா முந்திக்கொண்டார்.

"நீங்க கதை எழுதுறவராமே தம்பி? எங்க வீட்டுக்காரர் போர்ல செத்தவர். கடைசியில பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா, விசாரிச்சுச் சொல்றீங்களா? பட்டாளத்துல கேட்டா வீரமரணம்ங்கறாங்க. நான் அதையா கேட்டேன்?"

கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

2

முதல் வரி, முதல் முயற்சி:

குண்டுகள் மழையாய்ப் பொழிய, அந்த மாவீரன் நெஞ்சை நிமிர்த்தி—

"இது யாரு?" என்றார் அக்கா.

"உங்க வீட்டுக்காரர்தான்க்கா."

"அவர் நிமிர்ந்து நான் பார்த்ததில்ல. பட்டாளத்துல போன் கம்பி இழுக்குற ஆளு, எப்பவும் குனிஞ்சேதான். லீவுல வந்து அடுப்படிக்கும் வாசலுக்கும் ஒரு போன் மாட்டினார். வீடே ரெண்டு ரூம். சாப்பிட வாங்கன்னு கத்தினா, போனைக் காதுல வெச்சுக்கிட்டு 'சரியா கேக்கல'ங்கறார்."

மாவீரனைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். மீசை முளைத்தபோது சேர்ந்து, மீசை நரைக்கும்வரை, மற்றவர்கள் பேசிக்கொள்ளக் கம்பி இழுத்தவர். (அவர் பேசியது குறைவு. கதாநாயகனாக வைத்துக்கொண்டு வசனம் எழுத வழியில்லை.)

3

பட்டாளத்தில் அவரோடு கூடவே வேலை பார்த்தவர் இப்போது மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்.

"ரெண்டு பேராப் போகணும் சார். அன்னைக்கு ஆள் இல்ல. நான் முகாம்ல போன்கிட்ட. அண்ணன் மட்டும் கம்பியைக் கையில ஓடவிட்டுக்கிட்டே அறுந்த இடத்தைத் தேடிப் போனார். முடிச்சுப் போட்டதும் தன் போனை மாட்டி 'வருதாடா'ன்னார். 'வருதுண்ணே'ன்னேன். அப்புறம் பேச்சில்ல."

"நீங்க?"

"பேசிட்டே இருந்தேன். கம்பி கட்டப் போனவங்க போனைக் கீழ வெச்சுட்டு ரெண்டு கையாலயும் முடிச்சு மேல டேப் சுத்துவாங்க, பதில் வராது. இந்தப் பக்கம் ஒருத்தன் பேசிட்டே இருக்கணும். லைன் உயிரோட இருக்குன்னு அவருக்குத் தெரியணும்ல? எங்க வழக்கம் அது. சோத்துல கல்லு, மச்சான் கல்யாணம், மேஜரோட குறட்டை... குறட்டைக்கு எப்பவும் சிரிப்பார். அன்னைக்குச் சிரிக்கல. கோவமோன்னு திரும்ப முதல்லேருந்து சொன்னேன்."

கையிலிருந்த மோட்டாரைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்புறம் அண்ணனைத் தூக்கப் போனப்பப் பார்த்தேன், லைன்ல ஒரு குறையும் இல்ல சார். நல்லா கட்டியிருந்தார்."

4

முடிவு ஒன்று: 'ஆள் இருந்தாங்கக்கா.' பொய்.

முடிவு இரண்டு: 'யாரும் இல்லக்கா.' உண்மை. ஆனால் அந்த மிக்ஸிக் கடைக்காரர் தொண்டை வறளப் பேசியதை எங்கே வைப்பது?

முடிவு மூன்று: நடந்ததை அப்படியே சொல்வது. சொன்னால், 'அதெல்லாம் அவர் காதுல விழுந்துச்சா தம்பி?' என்று கேட்பார். அதற்குப் பிறகு

(இந்த வாக்கியத்தை மூன்று நாளாக முடிக்கப் பார்க்கிறேன். 'விழுந்தது' என்று எழுத ஒரு நொடி போதும், கதைக்காரனை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் நானும் எதிர்ப்பக்கம் ஆள் உண்டா என்று தெரியாமலே பக்கம் பக்கமாகப் பேசுகிறவன். இந்த விஷயத்தில் புளுக வாய் வரவில்லை.)

5

அக்கா கதவைத் திறந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போடுகிறார், என் முகத்தைப் பார்க்கிறார்.

நீங்களும் இவ்வளவு தூரம் என்னோடு படியேறி வந்துவிட்டீர்கள். உள்ளே வாருங்கள். அக்காவிடம் முதலில் நீங்கள் பேசுங்கள்.