மறுக்கத் தெரிந்த நாய்

இடுக்கி என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் அவரிடம் மூட்டு மடக்க வந்தவர்கள். முழங்கால் அறுவை முடிந்து விறைத்த காலோடு படுத்திருப்பவர்களை, ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில், ஒரு கையால் தொடையை அழுத்தி மறு கையால் கணுக்காலைப் பிடித்து மடக்குவார். கத்தினால் விடமாட்டார். "வலிக்காம எந்த மூட்டும் மடங்கினதா சரித்திரமே கிடையாது" என்பார். பிறவியிலேயே பார்வை இல்லை. கத்துகிறவரின் முகம் தெரியாமல் இருப்பது ஒரு வசதி என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. பட்டப்பெயர் காதுக்கு வந்தபோது கோபப்படவில்லை, கொஞ்சம் பெருமைகூடப் பட்டார்.

அப்பேர்ப்பட்டவர் ஒன்பது வருஷம் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார். தம்பி நல்லவன், சோம்பேறி, வாய் மட்டும் நீளம். ஷூ மாட்ட கால் மணி, போன் பேச அரை மணி. "இருண்ணே, உன் ஆஸ்பத்திரி எங்க ஓடியா போகப்போகுது?" என்பான். இடுக்கி தோளில் பையோடு வாசலில், யாரோ விட்டுப்போன பார்சல் மாதிரி நிற்பார். நாற்பத்தாறு வயதில் ஒரு மனுஷனுக்கு இதைவிடக் கேவலம் வேண்டுமா? வழிகாட்டி நாய் வந்த அன்றுதான் அந்த நிற்பு ஒழிந்தது. தனியாகப் போய்த் தனியாகத் திரும்புகிற அந்தப் பதினோரு நிமிட நடையைக் காப்பாற்றிக்கொள்ள அவர் எதையும் செய்வார். செய்தார்.

நாய்க்குப் பயிற்சி மையத்தில் வைத்த பெயர் என்னவோ ஒன்று. தம்பி 'மாமியார்' என்று கூப்பிடப்போய் அதுவே நிலைத்துவிட்டது. எல்லாரும் நினைப்பதுபோல வழிகாட்டி நாய் சிக்னலைப் பார்த்து ரோட்டைக் கடத்திவிடுவதில்லை. அதற்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். வண்டிச் சத்தத்தைக் காதால் அளந்து "நட" என்று சொல்வது மனிதனின் வேலை. வண்டி வருவதைக் கண்டால் அந்தச் சொல்லை மீறுவது நாயின் வேலை. குறுக்கே வந்து, அவர் முழங்காலில் உடம்பைச் சாத்தி, ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். சொன்ன பேச்சைக் கேட்கிற நாய் தெருவுக்குப் பத்து கிடைக்கும். கேட்கக்கூடாத நேரத்தில் கேட்காமல் இருக்கத்தான் இரண்டு வருஷப் பயிற்சி.

"எதச் சொன்னாலும் வேணாம்னு குறுக்க நிக்குது. கல்யாணம் பண்ணாமலே உனக்கு மாமியார் வாய்ச்சிருச்சுண்ணே" என்றான் தம்பி. அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

ஒப்படைக்கும்போது பயிற்சியாளர் அம்மாள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "அது மறுத்தா தட்டிக் குடுங்க சார். ஏன் மறுக்குதுன்னு உங்களுக்குப் புரியலேன்னாலும் தட்டிக் குடுங்க. மறுத்ததுக்கு அடி விழும்னு ஆயிட்டா, அப்புறம் அது மறுக்கவே மறுக்காது."

நாலு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓடியது. பிறகு வீட்டை ஒட்டினாற்போல ஒரு பார்சல் கிடங்கு வந்தது. அங்கே எல்லாம் பேட்டரி வேன்கள். இடுக்கி ரோட்டோரம் வந்து நிற்கிற அதே எட்டு பத்துக்கு முதல் வேன் கிடங்கின் சரிவில் இறங்கும். சத்தம் என்று ஒன்று கிடையாது. ஆஸ்பத்திரிப் பகுதி என்பதால் ஹாரனும் அடிக்கக்கூடாது. கண் தெரியாதவர் முதலில் போகட்டும் என்று டிரைவர் நிறுத்துவான். பொறுமை தீர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்துவான். நகர்கிற வண்டியைக் கண்டால் மாமியார் அசையாது.

முதல் நாள் இடுக்கி காதைத் தீட்டிக் கேட்டார். ஒன்றும் இல்லை. "நட" என்றார். நாய் குறுக்கே வந்து நின்றது. இன்னொரு தடவை சொன்னார். அப்போதும் நின்றது.

மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து, கையில் காபியோடு தம்பி கத்தினான். "அண்ணே, ரோடு துடைச்சு விட்ட மாதிரி காலியா கெடக்கு! மாமியாருக்கு இன்னைக்கு மூடு சரியில்ல போல!"

பக்கத்து பால்கனிகளில் சிரிப்புக் கேட்டது. தம்பி பொய் சொல்லவில்லை. மேலேயிருந்து ரோடு முழுக்கத் தெரியும். கிடங்கின் தகரக் கூரைக்கு அடியில் இருக்கிற சரிவு மட்டும் தெரியாது. இறங்கி வந்து பார்க்க அவனுக்குச் சோம்பல்.

மறுநாளும் அதே கதை. அதே சிரிப்பு. "வயசாயிருச்சுண்ணே, அதுக்கு. பேசாம பழையபடி என் கையப் பிடிச்சுக்க" என்றான் தம்பி, இந்தத் தடவை கேலி இல்லாமல். அந்தச் சொல்தான் இடுக்கியைச் சுட்டது. மூன்றாம் நாள் மாமியார் குறுக்கே வந்ததும், கழுத்துச் சங்கிலியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி மேலே இழுத்தார். முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்பின. தொண்டையில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. அவருக்குப் பழக்கமான சத்தம்தான், தினமும் அந்த அறையில் கேட்பது. விடவில்லை.

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. நாய் மறுக்கும், அவர் இழுப்பார். ஒன்பதாம் நாள் அது குறுக்கே வந்தபோதே நடுங்குவது முழங்காலில் தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் "நட" என்ற ஒரே சொல்லுக்கு நடந்தது. டிரைவர் நிறுத்திக் காத்திருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர்ச்சாரிக்குப் போய்ச் சேர்ந்ததும் நாய்க்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

"படிஞ்சிருச்சு பாத்தியாடா!" என்று பால்கனியைப் பார்த்துக் கத்தினார். எங்கே பிடித்தால் எது மடங்கும் என்று தெரிந்தவன் நான் என்று அன்று நோயாளிகளிடமும் பீற்றிக்கொண்டார். கடவுளுக்கே பொறுக்காத பெருமை அது.

பதினாறாம் நாள் பயிற்சியாளர் வந்தார். வருஷத்துக்கு ஒரு முறை சொல்லாமல் வந்து, பின்னாலேயே நடந்து பார்ப்பது மையத்தின் வழக்கம். அன்று வேனில் இருந்தது புது டிரைவர். காத்திருக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"நட" என்றார் இடுக்கி. மாமியார் நடந்தது.

"நில்லுங்க! நில்லு!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் அலறுவது கேட்டது. டயர் தரையில் உரசியது. காலி ரோடு என்று நினைத்த இடத்தில் இடுக்கி கையை நீட்டினார். விரல்களில் தகரம் பட்டது. தடவினார். ஒரு விளக்கு, ஒரு கண்ணாடி, அதற்கு மேலும் தகரம். அவருக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பதினோரு நாளாக நாய் எதைக் கண்டு குறுக்கே நின்றது என்று அப்போது புரிந்தது.

தம்பி செருப்புக்கூடப் போடாமல் படியில் ஓடி வந்தான். மூவரும் வாசலில் நின்றார்கள். பயிற்சியாளர் குனிந்து நாயின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அடர்த்தியான முடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

"இது வேனப் பாத்துச்சு சார். பாத்துட்டும் நடந்துச்சு. என் வேலையில இப்படி நான் பாத்ததில்ல. மறுத்ததுக்கு எப்பவாவது சங்கிலிய இழுத்தீங்களா?"

இடுக்கி நாயின் முதுகில் பூட்டியிருந்த சேணத்தின் கைப்பிடியை மாற்றிப் பிடித்தார்.

"மறைக்காமச் சொல்லுங்க. இழுத்திருந்தா தப்பு உங்களுது. மூணு மாசம் மறுபடி பழக்கி வேற ஒருத்தருக்குக் குடுத்துருவோம், அது பொழச்சிக்கும். ஆனா உங்களுக்கு இனிமே நாய் கிடையாது. இல்ல, அதுவாவே கெட்டுப்போச்சுன்னா, வேலைக்கு ஆகாதுன்னு எழுதிருவேன். நாலு மாசத்துல உங்களுக்கு வேற நாய் வந்துரும்."

"அப்ப இது?"

"கூண்டுதான். நம்பி எந்தக் கண் தெரியாதவருக்கும் குடுக்க முடியாது. ஆறு வயசு நாய வளக்கறேன்னு யாரும் வரவும் மாட்டாங்க."

மாமியார் வழக்கம்போல அவர் இடதுகால் மீது சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் மூச்சு கால்சட்டை வழியாகச் சூடாகத் தெரிந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தம்பி அவர் முழங்கையைப் பிடித்தான், ஒன்பது வருஷம் பிடித்த அதே இடத்தில். பாசத்தில்தான் பிடித்தான்.

"எங்கண்ணன் அதக் கைநீட்டி ஒரு அடி அடிச்சதில்ல மேடம். புள்ள மாதிரி வெச்சிருந்தாரு" என்றான்.

"நீங்க சொல்லுங்க சார்."

"அதுவாத்தான் மேடம் கெட்டுப்போச்சு" என்றார் இடுக்கி. "கொஞ்ச நாளாவே சொன்ன பேச்சு கேக்கல."

பேனா எழுதுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் நம்பினாரா என்று அவர் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. சேணத்தைக் கழற்றி இடுக்கியின் கையில் கொடுத்தார். அடுத்த நாய்க்கு ஆகும் என்றார். பிறகு மையத்து வண்டியின் பின்கதவு திறந்தது.

"இந்த ஜாதி நாய் பழகினவங்கள விட்டுட்டு லேசுல ஏறாது. சில சமயம் ரெண்டு பேர் சேந்து தூக்க வேண்டியிருக்கும். எதுக்கும் நீங்க ஒரு தடவ சொல்லிப் பாருங்க."

ஏறாதே, என்று இடுக்கி உள்ளுக்குள் கெஞ்சினார். ஒரே ஒரு தடவை குறுக்கே வந்து நில். நீ நின்றால் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். நின்றிருந்தால் சொல்லியிருப்பாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

"நட" என்றார்.

இடதுகாலில் இருந்த சூடு விலகியது. தகரத்தில் நகங்கள் நாலு முறை தட்டின.

"பரவால்லையே சார்" என்றார் பயிற்சியாளர், கதவைச் சாத்திக்கொண்டே. "ஒரே சொல்லுக்கு ஏறிருச்சு."